நான்காம் தொட்டி

சில் ஆற்றின் மேல் பனிமூட்டம்
பதினொரு மணிக்கும் விலகவில்லை.
டெல்மிரா லோசாடாவின் நான்காம் தொட்டியிலிருந்து
ஒரு புட்டி வந்திருந்தது.
பாதி நொதித்த சாறு. தக்கையைத் தள்ளும் நுரை.
கழுத்தில் கட்டிய சீட்டில் பென்சில் எழுத்து:
"இந்த மலையில் பிறந்தவை. பார்த்துக் கையாளவும்."

தட்டில் பரப்பினேன்.
இரண்டாம் நாள் கடுகளவு வெண்புள்ளிகள்.
அறுபதைப் பொறுக்கினேன்.
கண்ணுக்கு எல்லாம் ஒன்று.

நதிமூலம் பார்க்கக் கூடாதென்பார்கள்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

மின்சாரம் ஓடி முடிந்த ஜெல்லில்,
புற ஊதா வெளிச்சத்தில்,
டிஎன்ஏ கோடுகள் எழுந்தன.
ஒரே உயரம், ஒரே இடைவெளி,
பக்கத்துப் பக்கத்தில் சாத்திய
நாற்பத்தொரு ஏணிகள்.

அந்த ஏணியை எனக்குத் தெரியும்.
வெள்ளித்தாள் பொட்டலத்தில் அரைக் கிலோவாக வரும்.
வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவிடுக என்று
ஐந்து மொழியில் அச்சிட்டிருக்கும்.
ஊர்ப்பேர் கிடையாது அதற்கு;
ஓர் எழுத்து, மூன்று எண்.

தொலைபேசியில் சொன்னேன்.
பின்னணியில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.
"பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் ஊற்றிவிட்டு
மலையின் ருசி என்று விற்பவள் இல்லை நான்.
ஒரு பொட்டலம் பிரித்ததில்லை.
உன் தட்டுதான் அழுக்கு."

மறுபடி செய்தேன்.
நாற்பத்தொன்று.

சனிக்கிழமை நானே போனேன்.
இருபத்துமூன்று வளைவுகள்.
பலகைக்கல் அடுக்குகளில் கொடிகள் சிவந்திருந்தன.
கிடங்கில் அவள் எல்லாவற்றையும் எனக்காகத் திறந்து வைத்திருந்தாள்,
சோதனைக்கு வந்த போலீசுக்குத் திறப்பதுபோல.
குழாய், வாளி, தொட்டியின் அடி.
கடைசியில், மூலையில், மரச்சட்டம் வைத்த பிழிபொறி.

"இது?"

"தம்பியுடையது. அமாரோ.
ஆற்றங்கரையில் எஃகுத் தொட்டிகள் வாங்கியபோது
பாதி விலைக்குத் தள்ளிவிட்டான்.
பதினான்கு வருடம் ஆச்சு."

சட்டங்களின் இடுக்கில் கத்தியை விட்டுச் சுரண்டினேன்.
ஊதாப் பொடி உதிர்ந்தது.
அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அவனோடு பேசி ஒன்பது வருடம்," என்றாள்.
"வருடா வருடம் என் சாற்றில் வந்து
உட்கார்ந்திருக்கிறான், திருடன்."

பொடியிலிருந்தும் அதே ஏணி வளர்ந்தது.
ஆனால் படி ஒன்று கூடுதல்.
பழைய படத்தை எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்:
நாற்பத்தொன்றிலும் அந்தப் படி இருந்தது,
மயிரிழை போல மெலிதாக.
நான்தான் பார்க்கத் தவறியிருக்கிறேன்.
பொட்டலத்தில் அது இல்லை.
இந்தக் குளிரில், இந்த மரத்தில்,
யாரும் கேட்காமல் அது ஏறிய படி.

பொட்டலத்துக்குள் போகுமுன் அதுவும்
எங்கோ யாருடைய திராட்சைத் தோலிலோ,
ஒரு குளவி வயிற்றிலோ
பனிக்காலம் தாண்டியதாக இருக்கும்.
யாரோ ஒரு சொட்டு எடுத்துக்கொண்டார்கள்.
மற்றவற்றைக் கழுவி ஊற்றினார்கள்.

மீதி பத்தொன்பதில் பதினொரு சாயல்.
மூன்று எந்தப் பட்டியலிலும் இல்லாதவை.
இவற்றுக்கும் முன்னால், முதல் மூன்று நாள்,
எலுமிச்சை வடிவச் செல்கள் சில கூட்டமாக ஆடிவிட்டு
சாராயம் ஏற ஏறச் செத்திருக்கும்;
பேரிக்காய் மணம் மட்டும் மிச்சம்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
உள்ளூர். வணிகம்.
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
"என் புருஷன் அக்கரைக்காரன்," என்றாள் டெல்மிரா.
"முப்பது அறுவடை இங்கே செய்தான்.
சாகிறவரை 'அக்கரையான்' என்றுதான் கூப்பிட்டார்கள்."
சொல்லிவிட்டு,
அச்சடித்து வந்த லேபிள் கட்டைக்
காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"அந்தப் பத்தொன்பதும் உயிரோடிருக்கிறதா?"
மைனஸ் எண்பதில் உறங்குகின்றன என்றேன்.
"நாற்பத்தொன்றையும் வை.
அறிக்கையில் ஒரு பிரதி அமாரோவுக்கு."
முகவரி கேட்டேன்.
சன்னலுக்கு வெளியே, கீழே,
ஆற்றோரத் தகரக் கூரையைக் கைகாட்டினாள்.

இறங்கும்போது கார்க் கண்ணாடியில்
குளவி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது,
ஏழாவது வளைவு வரை.